நகர்ந்த கதியால்

(மெல்பேர்ணில் தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபம் நிற்கும் நிலம் இந்நாட்டுப் பழங்குடிகளான குலின் மக்களுடையது. கூட்டம் தொடங்கும்போது இப்படிச் சொல்வது இந்த நாட்டில் வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு எனக்கு இதைச் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. நான் பேச வந்த சொல்லின் கதை இந்த நகரம் தோன்றிய கதையோடு பின்னிக் கிடக்கிறது. அந்தச் சொல் 'அத்துமீறல்'.

இருபது வருடத்துக்கு மேலாக நான் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். நீதிமன்றம், வைத்தியசாலை, தடுப்பு முகாம் என்று எல்லா இடத்திலும் இரண்டு பேருக்கு நடுவில் இருந்திருக்கிறேன். நான் கேட்ட கதைகளை வெளியில் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, இன்றும் சொல்லப் போவதில்லை. ஒரேயொரு கேள்வியை மட்டும் சொல்கிறேன். கேட்டவர் யார், எங்கிருந்தவர், எந்த வருடம் என்பதெல்லாம் என்னோடு இருக்கட்டும்.

தொலைபேசி வழி நேர்காணல் அது. ஒரு முனையில் அதிகாரி, மறு முனையில் தடுப்பில் இருக்கும் ஓர் இளைஞர், நடுவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான். அதிகாரி சட்டத்தில் உள்ளபடி அந்த இளைஞரின் நிலையைச் சொன்னார்: 'அன்லோஃபுல் நொன்-சிற்றிசன்.' நான் வாய்க்கு வந்த தமிழில் சொன்னேன்: "நீங்கள் சட்டவிரோதமாக இங்கே இருக்கும், இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாத ஒருவர்." மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் அவர் கேட்டார்: "ஐயா, சட்டவிரோதம் எண்டா? நான் ஆற்றையேன் வீட்டுக்கை களவாய்ப் பூந்தனானோ? என்ன குற்றம் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

உரைபெயர்ப்பாளன் விளக்கம் சொல்லக்கூடாது. கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி பொறுமையான மனிதர். இது குற்றம் இல்லை, செல்லுபடியாகும் விசா இல்லாத நிலைக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் மட்டுமே என்றார். அதைத் தமிழில் சொன்னேன். இளைஞர் விடவில்லை. "அப்ப ஏன் ஐயா நீங்கள் விரோதம் எண்டு சொன்னனீங்கள்?"

அந்தக் கேள்வி எனக்கு வந்தது. அதையும் நான் ஆங்கிலத்தில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைய பேச்சை அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'அத்து' என்றால் எல்லை. உருது வழியாக நம்மிடம் வந்த அரபுச் சொல் அது, 'ஹத்' என்பது மூலம். எல்லை, வரம்பு என்ற பழைய சொற்கள் நம்மிடம் இருக்கும்போதே நிலவரி, நிர்வாகம், வழக்கு என்ற பாதையால் இந்தச் சொல் உள்ளே வந்து 'மீறு' என்ற நம் வினையோடு ஒட்டிக்கொண்டது. எல்லைக்குரிய சொல்லே இன்னொரு மொழியின் எல்லையைக் கடந்து வந்திருக்கிறது. வந்த பிறகு அதை யாரும் வெளியாள் என்று சொல்லவில்லை.

இந்தச் சொல் எந்தப் பக்கத்தில் நின்று பேசுகிறது என்பதற்கு நமக்கு மிகப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. பாக்கு நீரிணையில் ஒரு படகு பிடிபடுகிறது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை, 'அத்துமீறி நுழைந்த இந்திய மீனவர்கள் கைது' என்று எழுதும். தமிழ்நாட்டுப் பத்திரிகை, 'எல்லை தாண்டியதாகக் கூறி மீனவர்கள் சிறைபிடிப்பு' என்று எழுதும். படகும் ஒன்று, கடலும் ஒன்று, எழுதுகிற மொழியும் ஒன்றே. அந்தக் கோடு 1974இலும் 1976இலும் இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட கோடு. 'அத்துமீறி' என்று எழுதும்போது எழுதுகிறவர் அந்தக் கோட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார். 'எல்லை தாண்டியதாகக் கூறி' என்று எழுதும்போது அந்த 'கூறி' ஒரு கையைத் தூக்கி நிறுத்துகிறது. வடக்கில் வலையிழந்த மீனவரின் வயிற்றெரிச்சலும் உண்மை, இராமேசுவரத்தில் மகனைத் தேடும் தாயின் அழுகையும் உண்மை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இந்தச் சொல்லை வாயில் எடுக்கும் கணத்திலேயே கோடு எங்கே இருக்கிறது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

யாழ்ப்பாணத்து வேலியைக் கண்டு வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, இடையில் கிடுகு வைத்துக் கட்டுவோம். கிடுகு உக்கினால் திரும்பவும் வேலி அடைக்க வேண்டும். வேலி அடைக்கிற நாளில் எங்கள் அம்மம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வேலியடியில் இருப்பா. தேத்தண்ணி அங்கேதான் போகும். வேலை செய்கிறவர்களைப் பார்க்க அவ அங்கே இருக்கவில்லை, அவவின் கண் எல்லைக் கதியாலில் இருந்தது. பழைய கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி நட்டால் அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. மழைக்கு அது வேர்விட்டுத் தழைத்துவிட்டால் அடுத்த வருடம் எல்லை அதுதான். அதற்குப் பிறகு அம்மம்மா தன்னுடைய பழைய நிலத்தில் கால் வைத்தால், அத்துமீறியது அம்மம்மாவாகத்தான் இருக்கும்.

இந்தக் கதியாலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டின் கதைக்கு வருவோம்.

1835 மே மாத இறுதி. ஜோன் பற்மன் என்பவர் தாஸ்மேனியாவிலிருந்து கப்பலில் வந்து போர்ட் பிலிப் விரிகுடாவில் இறங்குகிறார். ஜூன் மாதம், குலின் மக்களில் ஒரு பிரிவினரான வுருண்ட்ஜெரிப் பெரியவர்கள் எட்டுப் பேரோடு ஒப்பந்தம் செய்துகொண்டதாக ஒரு பத்திரம் எழுதுகிறார். போர்வை, கத்தி, கோடரி, கத்தரிக்கோல், முகம் பார்க்கும் கண்ணாடி, மா ஆகியவற்றைக் கொடுத்து, வருடா வருடம் இன்னும் தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ 6 இலட்சம் ஏக்கர் நிலத்தைத் தன்னுடையதென்று எழுதிக்கொள்கிறார்.

அந்தப் பெரியவர்கள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள்? குலின் மக்களிடம் 'தண்டெரம்' என்று ஒரு சடங்கு இருக்கிறது. வெளியாள் ஒருவர் அவர்கள் நிலத்துக்கு வந்தால் சும்மா உள்ளே வர முடியாது. எல்லையில் காத்திருக்க வேண்டும். நிலத்துக்குரியவர்கள் வந்து, மர இலைகளும் நீரும் கொடுத்து, இங்கே தங்கலாம், இங்குள்ளதை உண்ணலாம், இங்குள்ள முறையை மீறக்கூடாது என்று சொல்லி ஏற்றுக்கொள்வார்கள். விருந்தாளியாக வருபவருக்குக் கொடுக்கும் உத்தரவு அது. பற்மனின் பத்திரத்தை அவர்கள் தண்டெரமாகவே விளங்கிக்கொண்டிருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஒரு பக்கம் விருந்துக்கு உத்தரவு கொடுத்தது, மறுபக்கம் அதைக் காணி உறுதியாக எழுதிக்கொண்டது.

செய்தி சிட்னிக்குப் போனது. ஆளுநர் ரிச்சர்ட் பேர்க் 1835 ஓகஸ்ட் மாதம் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பழங்குடிகளோடு செய்துகொண்ட எந்த ஒப்பந்தமும் செல்லாது, அரசின் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தில் இருப்பவர்கள் முடிக்குரிய வெறுநிலத்தில் புகுந்த மற்றவர்களைப் போலவே அத்துமீறியவர்களாகக் கருதப்படுவார்கள் என்பது அதன் சாரம். 'ட்ரெஸ்பாஸர்' என்ற சொல் அந்தப் பிரகடனத்தில் இருக்கிறது. மெல்பேர்ணைத் தொடக்கிய வெள்ளையர்கள், சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவர்கள்.

யாருடைய நிலத்தில் அத்துமீறியவர்கள்? சண்டை அங்கேதான் இருக்கிறது. வுருண்ட்ஜெரி மக்களின் நிலத்தில் என்று பேர்க் எழுதவில்லை. அவர் எழுதியது முடியின் நிலம், அதுவும் வெறுநிலம். பற்மன் போன்றவர்களை அத்துமீறியவர்கள் என்று சொன்ன அதே வாக்கியத்தில், ஆயிரக்கணக்கான வருடங்களாக அங்கே வாழ்ந்தவர்களின் எல்லை ஒரு சத்தமும் இல்லாமல் பிடுங்கப்பட்டுவிட்டது.

அந்த அத்துமீறியவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது? ஒருவரையும் துரத்தவில்லை. 1836 செப்டெம்பரில் குடியேற்றத்துக்கு அனுமதி கிடைத்தது. நிர்வாகம் நடத்தக் கப்டன் வில்லியம் லொன்ஸ்டேல் வந்து இறங்கினார். 1837 மார்ச்சில் பேர்க் தானே வந்து பார்த்து நகரத்துக்கு மெல்பேர்ண் என்று பெயர் வைத்தார். ஜூன் மாதம் காணி ஏலம் தொடங்கியது. நாங்கள் ட்ராமில் போகும் பேர்க் வீதி அந்த ஆளுநரின் பெயர். லொன்ஸ்டேல் வீதி அந்தக் கப்டனின் பெயர். குடிவரவு மேன்முறையீடுகளுக்காக நான் போகும் பொதுநலவாய நீதிமன்றக் கட்டடம் வில்லியம் வீதியில் இருக்கிறது. பேர்க் வீதி அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. விசா வழக்குக் கோப்போடு அந்தச் சந்தியில் பச்சை விளக்குக்காக நிற்கும்போதெல்லாம் 1835ஆம் ஆண்டுப் பிரகடனம் எனக்கு ஞாபகம் வரும்.

நியூ சவுத் வேல்ஸில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. சிட்னியைச் சுற்றி 19 கவுண்டிகளை வரைந்து, இதற்குள்தான் குடியேறலாம் என்று 1829இல் அரசு எல்லை கட்டியது. ஆங்கிலத்தில் 'லிமிற்ஸ் ஒஃப் லொக்கேஷன்' என்று பெயர். தமிழில் சொன்னால் அதுதான் அத்து. செம்மறி ஆட்டுக்குப் புல் வேண்டும், இங்கிலாந்து ஆலைகளுக்குக் கம்பளி வேண்டும். ஆட்டு மந்தைகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போயின. தாண்டியவர்களுக்குச் 'ஸ்குவாற்றர்' என்று பெயர். தொடக்கத்தில் அது மரியாதையில்லாத சொல், உரிமையில்லாத நிலத்தில் குந்தியிருப்பவன் என்று பொருள். 1836இல் சட்டம் வந்தது. அனுமதியில்லாத குடியேற்றத்தைக் கட்டுப்படுத்துவது என்பது அதன் பெயர். அது செய்ததோ வருடத்துக்கு 10 பவுண் கட்டினால் கோட்டுக்கு வெளியே மந்தை மேய்க்க அனுமதி கொடுத்ததுதான். இன்னும் கொஞ்சக் காலத்தில் ஸ்குவாற்றர் என்றால் இந்த நாட்டின் பெரிய நிலப்பிரபு என்று பொருள் மாறிவிட்டது. இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பாடும் 'வோல்ட்சிங் மற்றில்டா' பாட்டிலும் ஒரு ஸ்குவாற்றர் வருகிறார். 1895இல் எழுதிய அந்தப் பாட்டில் அவர் பொலிஸ்காரரோடு குதிரையில் வந்து, ஆடு திருடிய ஏழையைப் பிடிக்கப் பார்க்கிறவர்.

அந்தக் கோட்டுக்கு வெளியேதான் மயல் கிறீக் இருந்தது. 1838 ஜூன் 10ஆம் திகதி, அந்த மந்தைப் பண்ணையில் தங்கியிருந்த விராயராய் மக்களில் குறைந்தது 28 பேரைக் குதிரையில் வந்த ஒரு கூட்டம் கயிற்றில் பிணைத்துக் கொண்டுபோய் வெட்டிக் கொன்றது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பண்ணையாட்கள் கூப்பிட்டு அங்கே தங்கியிருந்தவர்கள் அவர்கள். சிட்னியில் இரண்டு விசாரணை நடந்தது, ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். பழங்குடிகளைக் கொன்றதற்காக வெள்ளையர் தண்டிக்கப்பட்டது அரிதிலும் அரிது. கோட்டைத் தாண்டிப் போன மந்தையின் பின்னால் இப்படிப்பட்ட நாட்கள் பல இருந்தன. நீதிமன்றத்துக்கு வந்தவை மிகச் சில.

1992 ஜூன் 3ஆம் திகதி மாபோ தீர்ப்பு வந்தது. ரொரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவரோடு நின்றவர்களும் தங்கள் நில உரிமைக்காகப் பத்து வருடம் நடத்திய வழக்கு. எடி மாபோ அந்தத் தீர்ப்பைக் கேட்கவில்லை. அந்த வருடம் ஜனவரியிலேயே இறந்துவிட்டார். தலைமைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் பிரென்னன் அதுவரை இருந்த சட்டம் என்ன செய்தது என்று ஓரிடத்தில் சொல்கிறார். அந்த மக்களை அவர்களுடைய சொந்த வீட்டிலேயே அத்துமீறி நுழைந்தவர்களாகவும், இருக்க இடம் கேட்டு இரப்பவர்களாகவும் ஆக்கியது என்பது அவர் கருத்து. முதல் தடவை அதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். அம்மம்மாவின் வேலி அந்தத் தீர்ப்பில் இருந்தது.

மெர் மக்களுக்கு அத்துமீறலைப் பற்றித் தங்கள் சொந்தச் சட்டம் இருந்தது. மாலோ என்ற தெய்வத்தின் சட்டம். கை தன்னோடு இருக்கட்டும், கால் தன்னோடு இருக்கட்டும், இன்னொருவர் தோட்டத்துக்குப் போகவேண்டாம் என்பது அதன் பொருள். வழக்கில் சாட்சியம் எடுக்க நீதிபதி மொய்னிஹான் 1989இல் மெர் தீவுக்கே போனார். சாட்சி சொன்னவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்து, இந்தக் கல், இந்த மரம், இந்தப் புதர் எல்லை என்று காட்டினார்கள். ஒரு தீவு முழுக்க எல்லை தெரிந்த மக்களின் நிலத்தைத்தான் இந்த நாட்டுச் சட்டம் அதுவரை யாருக்கும் சொந்தமில்லாத நிலம்போல நடத்தியது.

அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்னால், அதே 1992ஆம் ஆண்டு மே மாதம், நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கம்போடியாவிலிருந்து படகில் வந்தவர்களைக் கட்டாயமாகத் தடுத்து வைக்கும் சட்டம். தொடக்கத்தில் 273 நாள் என்று ஒரு வரம்பாவது இருந்தது. 1994இல் அந்த வரம்பு போனது, தடுப்பு எல்லோருக்குமானது. 'அன்லோஃபுல் நொன்-சிற்றிசன்' என்ற பெயரும் 1994 செப்டெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன்னால் வேறு பெயர்கள். 1901இல் கூட்டாட்சி பிறந்த கையோடு வந்த குடிவரவுத் தடைச் சட்டம் 'தடைசெய்யப்பட்ட குடிவரவாளர்' என்றது. ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்களை வாசிப்பார்கள், கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்று முடிவு செய்வது அதிகாரி. 1934இல் ஈகொன் கிஷ் என்ற செக் நாட்டு யூத எழுத்தாளர், நாசிகளுக்கு எதிராகப் பேச வந்தவர், மெல்பேர்ண் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்க விடாததால் மேல்தளத்திலிருந்து கரைக்குக் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். சிட்னியில் அவருக்குத் தேர்வு வைத்தார்கள், ஸ்கொட்லாந்து கேலிக் மொழியில். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும், அந்த ஒன்று தெரியாது. கேலிக் அந்தச் சட்டம் குறித்த ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. மொழியே வேலியாக இருந்த காலம் அது. 1958இல்தான் அந்தத் தேர்வு போனது. பிறகு 'தடைசெய்யப்பட்ட குடிமகனல்லாதவர்' வந்தது, 1989இல் 'இல்லீகல் என்ட்ரன்ற்' வந்தது, 1994இல் இன்றைய பெயர்.

1901ஆம் ஆண்டே நியூ சவுத் வேல்ஸில் வேலியடைத்த நிலங்களைப் பாதுகாக்கும் சட்டமும் எழுதப்பட்டது. நியாயமான காரணம் இல்லாமல் வேலிக்குள் நுழைந்தால் தண்டம். வெளியே போ என்ற பிறகும் நின்றால் அதற்கும் தண்டம். நம்முடைய ஊரில் ஆங்கிலேயர் எழுதிவைத்த தண்டனைக் கோவை இன்னும் ஒருபடி நிதானமானது. 2024 வரை நடைமுறையில் இருந்த 1860இன் இந்தியக் கோவையும் 1883இன் இலங்கைக் கோவையும், குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ எண்ணி நுழைந்தால்தான் குற்றவியல் அத்துமீறல் என்று வரையறுத்தன. கால் வைத்தது மட்டும் போதாது, மனதில் என்ன இருந்தது என்று கேட்கும் சட்டம் அது. தோட்டத்துக்குள் புகுந்தவனிடம்கூட ஏன் வந்தாய் என்று கேட்கிற மரபு நமக்கும் ஆங்கிலேயருக்கும் பொதுவாக இருந்தது.

இனி நான் மிகவும் கவனமாகச் சொல்ல வேண்டிய இடம். ஸ்குவாற்றர்கள் கோட்டைத் தாண்டியபோது கோடு அவர்களுக்குப் பின்னால் நகர்ந்து போய் அவர்களை உள்ளே எடுத்துக்கொண்டது. படகில் வந்தவர்களுக்குக் கோடு எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. 2001இல், கடலில் மீட்கப்பட்டவர்களோடு டம்பா என்ற கப்பல் வந்த பிறகு கிறிஸ்மஸ் தீவையும் வேறு சில தீவுகளையும் படகில் வருபவர்களுக்காகக் குடிவரவு வலயத்திலிருந்து வெட்டினார்கள். 2013 மே மாதம் இந்தப் பெருநிலம் முழுவதையும் வெட்டினார்கள். டார்வின் கரையில் காலை நனைத்துக்கொண்டு நின்றாலும், விசா கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை என்ற அளவில், அவர் வந்தது வந்ததாகாது. கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதை அம்மம்மா கண்டிருக்கிறா. காணி முழுவதையும் சுருட்டி எடுத்ததை அவ கண்டதில்லை.

2014 ஜூன் மாதம் புதுச்சேரியிலிருந்து ஒரு படகு புறப்பட்டது. 157 தமிழர்கள், குழந்தைகளும் அதில் இருந்தார்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்தியச் சட்டத்தில் ஈழ அகதிக்கும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பெயர்தான் அன்றிருந்தது என்பதை நினைவில் வையுங்கள். கிறிஸ்மஸ் தீவுக்கு அருகில், அவுஸ்திரேலியாவின் 12 கடல்மைல் எல்லைக்கு வெளியே உள்ள தொடுவலயத்தில் சுங்கக் கப்பல் அவர்களை மறித்தது. அவர்கள் எந்த எல்லைக்குள்ளும் நுழையவில்லை. 'ஓஷன் புரொடெக்ரர்' என்ற கப்பலில் ஏற்றி ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தார்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள், முடியவில்லை. கொக்கோஸ் தீவு வழியாகக் கேர்ட்டின் முகாமுக்குக் கொண்டுவந்து, சில நாட்களில் நவுறுவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஜனவரி 28ஆம் திகதி, நான்கு நீதியரசர்கள் அந்தத் தடுப்பு சட்டப்படி சரி என்றார்கள், மூவர் இல்லை என்றார்கள். நான்குக்கு மூன்று. நுழையாமலே அத்துமீறியவர்கள் ஆனவர்களைப் பற்றி இந்த நாட்டின் ஏழு பெரிய சட்ட அறிஞர்கள் இவ்வளவு நெருக்கமாகப் பிரிந்தார்கள்.

2014 டிசம்பரில் வந்த திருத்தம் இன்னும் தூரம் போனது. படகில் வந்த பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளையும் 'அனுமதியின்றிக் கடல்வழி வந்தவர்' என்ற வகைக்குள் அடங்கும். பிலோயீலா என்ற குயின்ஸ்லாந்து ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த மாநிலத்தில் பிறந்தவர்கள். 2018 மார்ச்சில் விடியற்காலையில் அந்த வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பிறோட்மெடோஸ் தடுப்பு, 2019 ஓகஸ்டில் நடுவானில் வந்த நீதிமன்றத் தடை, டார்வின், கிறிஸ்மஸ் தீவு, பேர்த் என்று நான்கு வருடம் போனது. 2022 ஜூனில் ஊருக்குத் திரும்பினார்கள், ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அந்தச் சின்ன ஊரின் வெள்ளைக்காரர்கள் இந்த நான்கு வருடமும் சட்டத்தின் சொல்லைத் தங்கள் வாயில் எடுக்கவேயில்லை. எங்கள் அயலவர்கள், எங்கள் பிள்ளைகள் என்றே பேசினார்கள். அந்த ஒரு பிடிவாதத்துக்கு நான் அவர்களை எத்தனை தடவை மனதில் கும்பிட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

நம்முடைய வாய் எப்படி? நமக்கு ஒரு பழைய சொல் தெரியும். 'கள்ளத்தோணி.' இலங்கையில் மலையகத் தமிழர் மேல் வீசப்பட்ட சொல். அவர்களுடைய முன்னோரை ஆங்கிலேயரே ஆள் பிடித்து, தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் சோதித்து, உத்தரவோடு கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கள்ளமும் இல்லை, தோணியும் இல்லை. ஆனாலும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியபோது இந்தச் சொல் அந்தச் சட்டத்துக்குத் துணையாக நின்றது. சிங்களத்திலும் அந்தச் சொல் அப்படியே புழங்கியது. யாழ்ப்பாணத்தில் நம்மில் சிலரும் அதைச் சொன்னோம் என்பதை இந்த மேடையில் நின்று நான் மறைக்க மாட்டேன். 1983க்குப் பிறகு நாங்களே இரவில் தோணி ஏறினோம். போய் இறங்கியபோது பலருக்குக் கிடைத்த இடம் அதே மண்டபம் முகாம்.

இப்போது மெல்பேர்ணிலும் சிட்னியிலும் கலியாணம் பேசும்போது ஒரு கேள்வி கேட்கிறோம். "எப்பிடி வந்தவை? படகோ, பிளேனோ?" விமானத்தில் மாணவர் விசாவில் வந்தவர்களும், தொண்ணூறுகளில் ஸ்பொன்சரில் வந்தவர்களும் கேட்கிறோம். கேட்கிறவருக்கு அது சும்மா விசாரணை. மறுபக்கத்தில் இருக்கிற தாய்க்கு அது என்னவாகப் போய் விழுகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். கையில் இருந்த பலகாரத் தட்டை அவ மெதுவாக மேசையில் வைத்தா. பிறகு எடுக்கவில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு, உயிருக்கு ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராகத் தப்பி வந்து, தாமதிக்காமல் தன்னை ஒப்புக்கொடுக்கும் அகதியை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது. அவுஸ்திரேலியா 1954 ஜனவரியில் அதில் சேர்ந்தது. ஆறாவது நாடாக இது சேர்ந்ததால்தான் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கே வந்தது. 2013 ஒக்ரோபரில் அன்றைய குடிவரவு அமைச்சர் ஸ்கொற் மொறிசன், படகில் வருபவர்களை 'இல்லீகல்' என்றே குறிப்பிட வேண்டும் என்று திணைக்களத்துக்குப் பணித்தார். ஆனாலும் சட்டப் புத்தகத்தில் உள்ள சொல் மாறவில்லை, அங்கே இன்றைக்கும் 'அன்லோஃபுல்' என்றுதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு சந்து இருக்கிறது. 'இல்லீகல்' என்றால் காதில் குற்றம் ஒலிக்கும். 'அன்லோஃபுல்' என்பது சட்டத்தின் அனுமதி இல்லாத நிலையையும் குறிக்கும். தமிழுக்கு வரும்போது இரண்டும் 'சட்டவிரோதம்' என்ற ஒரே குழியில் விழுகின்றன. நம்முடைய பத்திரிகைகளில் சட்டவிரோத மது, சட்டவிரோத துப்பாக்கி, சட்டவிரோத மணல் அள்ளல் என்றுதான் அந்தச் சொல் புழங்குகிறது. விரோதம் என்றால் பகை. விசா இல்லாத ஒரு பிள்ளை சட்டத்தோடு என்ன பகை வைத்திருக்கிறது?

இதைச் சொல்லும்போது என் தொழிலில் உள்ள சிலர் மறுப்பார்கள். சட்டம் கடினமான சொல்லை வேண்டுமென்றே வைத்திருக்கிறது, அதை மென்மையாக்க உரைபெயர்ப்பாளனுக்கு உரிமை இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நம்முடைய நெறிக்கோவை துல்லியத்தைத்தான் முதலில் கேட்கிறது. அந்தத் துல்லியத்துக்காகவேதான் நான் வாதாடுகிறேன். ஆங்கிலச் சட்டம் குற்றம் என்று சொல்லாத ஒன்றைத் தமிழில் குற்றமாக ஒலிக்கச் செய்தால், நான் சட்டத்தில் இல்லாத ஒரு கடுமையைச் சேர்த்துவிட்டேன். அன்றைக்கு அந்த இளைஞர் பிடித்தது அந்தப் பிழையைத்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் தெரியும்.

இப்போது நான் 'விசா அனுமதி இல்லாத வெளிநாட்டவர்' என்று சொல்கிறேன். தடுப்புக்குக் காரணம் அதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இது முழுப் பொருத்தம் என்று நான் சாதிக்க மாட்டேன். 'வெளிநாட்டவர்' என்ற சொல்லே சிலருக்குச் சுடும், எந்த நாடும் ஏற்காத ஒருவருக்கு அது பிழையாகவும் போகும். 'அத்துமீறி வந்தவர்' என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். அத்துமீறல் ஒரு செயல். ஒருவன் வேலிக்குள் வந்தான், திரும்பிப் போனான், செயல் முடிந்தது. அதை ஒரு மனிதருக்கும் அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் பெயராகச் சூட்ட நம்முடைய மொழியில் இலக்கணமே இடம் கொடுக்காது. பிறந்த குழந்தை எந்த வினையின் எழுவாய்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமைகளில், பிற்பகல் இரண்டு மணிக்கு, குடிவரவு, நீதிமன்றம், தடுப்பு முகாம் ஆகியவற்றில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று எழுதப் போகிறோம். இப்போதைக்கு 200 சொற்கள் கையில் இருக்கின்றன. வழக்கறிஞர் இருவரும் ஆசிரியர்கள் சிலரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இன்னும் வேண்டியவர்கள் படகில் வந்தவர்கள். பின்வரிசையில் சிலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தமிழ்ப் படிப்பு, இலக்கணம் ஒன்றும் வேண்டாம். ஒரு சொல்லை நாங்கள் வாசிப்போம். அந்தச் சொல்லை உங்களைப் பார்த்து ஒருவர் சொன்னபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் சொன்னால் போதும். முதல் சனிக்கிழமை எடுக்கப் போகும் சொல் எது என்று நான் சொல்லத் தேவையில்லை. தேத்தண்ணியும் வடையும் இருக்கும். கட்டாயம் வாருங்கோ.